மஞ்சள் எங்கிருந்து வருகிறது

போன ஞாயிறு பட்டினப்பாக்கத்தில் நண்டு வாங்கினேன். மந்தைவெளியிலிருந்து நடக்கிற தூரம்தான். "சினை நண்டு தம்பி, எடுத்துக்கோ" என்று அக்கா போட்டுவிட்டார். வீட்டில் ஓட்டைப் பிரித்தால் உள்ளே இரண்டு நிறம். ஆரஞ்சில் முட்டைத் திரள். பக்கத்திலேயே வெளிறிய மஞ்சளில் கொழகொழவென்று ஒன்று.

"இது கொழுப்பா?" என்றாள் மனைவி.

இல்லை, ஹெப்படோபேங்க்ரியாஸ். நமக்குக் கல்லீரலும் கணையமும் பார்க்கிற வேலைகளில் பலவற்றை நண்டுக்கு இந்த ஒரே உறுப்பு பார்க்கிறது. மஞ்சள் கருவுக்கான புரதம், விட்டெலோஜெனின், பல நண்டுகளில் பெரும்பாலும் இங்கேதான் உருவாகி, ரத்தத்தோடு சூலகத்துக்குப் போகிறது. கடல் இறால்களில் சூலகமும் சேர்ந்து தயாரிக்கிறது. இதே சென்னைக் கரையில், அலை திரும்பும் ஈர மணலில் புதைகிற எமெரிட்டா என்ற சின்ன நண்டின் கருப்புரதங்களைச் சென்னைப் பல்கலைக்கழகத்தின் டி. சுப்ரமோனியம் ஆராய்ந்திருக்கிறார்.

எனக்கு எதற்கு இதெல்லாம்? மூன்று வருடமாகக் குழந்தைக்காக சிகிச்சையில் இருக்கிறோம். அவளுடைய முட்டை இருப்பு குறைவு என்று ரிப்போர்ட்டில் ஓர் எண் வந்தது. பக் எந்த மாட்யூலில் என்று தேடியே பழகிய புத்தி, ராத்திரியெல்லாம் முட்டையைத் தேடி நண்டு வரை போய்விட்டது. மனித முட்டையில் மஞ்சள் கரு மிகக் குறைவு. இதில் எங்களுக்கு ஒரு மருந்தும் இல்லை. தெரிந்தேதான் படித்தேன்.

உற்சாகத்தில் அடுத்ததையும் சொன்னேன். இறாலின் கண் தண்டிலிருந்து முட்டை முதிர்வதைத் தடுக்கும் ஹார்மோன் வருகிறது. தண்டை நீக்கினால் சூலகம் சீக்கிரம் வளர்வதை 1943இல் பனூஸ் என்ற பிரெஞ்சுக்காரர் காட்டினார். அதனால் பொரிப்பகங்களில் தாய் இறாலின் ஒரு கண் தண்டை வெட்டுவார்கள். சில நாளில் சினை பிடித்துவிடும்.

அவள் நண்டைக் கழுவிக்கொண்டே கேட்டாள்: "இறாலை யாராவது கேட்டாங்களா?"

ஊசி போட்ட இடம் அவள் வயிற்றில் இன்னும் நீலமாகத்தான் இருந்தது. நாலாவது முறைக்குத் தேதி வாங்கியது நான். முன்பணம் கட்டியது நான். எந்த உறுப்பில் என்ன சுரக்கிறது என்று தேடத் தெரிந்த எனக்கு, பக்கத்தில் நிற்கிறவளிடம் ஒரு கேள்வி கேட்கத் தோன்றவே இல்லை.

அன்றைக்குத்தான் கேட்டேன். "உனக்கு இன்னொரு தடவை வேணுமா?"

அவள் குழாயை மூடினாள். "முதல்ல சாப்பிடலாம். யோசிச்சு சொல்றேன்."

இன்னும் சொல்லவில்லை. நானும் அவசரப்படுத்தவில்லை.