ஷவ்வாலில் தொடங்கும் வீட்டுக் கல்வி ஆண்டு



பிள்ளைகளை வீட்டிலேயே கற்பிக்கும் குடும்பங்கள் நம் சமுதாயத்தில் சிலவே. அவர்களைச் சந்திப்போர் முதலில் கேட்கும் கேள்வி, வெவ்வேறு வயதுப் பிள்ளைகளுக்கு ஒரே வீட்டில் எப்படிப் பாடம் நடத்துகிறீர்கள் என்பதே. எங்கள் வீட்டில் நால்வர். மூத்தவளுக்குப் பதினைந்து வயது. அடுத்தவனுக்குப் பதினொன்று; குர்ஆனை மனனம் செய்து வருகிறான். மூன்றாமவளுக்கு எட்டு, கடைக்குட்டிக்கு ஐந்து. ஹிஜ்ரி 1447 ஷவ்வாலில் தொடங்கும் கல்வியாண்டிற்காக நாங்கள் வகுத்த திட்டத்தை இங்கே பகிர்ந்துகொள்கிறோம்.

ஜூனில் தொடங்காமல் ஏன் ஷவ்வாலில் தொடங்குகிறோம் என்று சிலர் வியக்கக்கூடும். இது எங்கள் கண்டுபிடிப்பு அன்று. நம் அரபிக் கல்லூரிகள் ஷவ்வாலில் ஆண்டைத் தொடங்கி ஷஃபானில் முடிப்பதை நெடுங்கால வழக்கமாகக் கொண்டுள்ளன. பிறைக் கணக்கில் ஆண்டு பத்து, பதினொரு நாள் குறைவு. ஆதலால் ரமளான் ஆண்டுதோறும் முன்னே நகர்ந்து வருகிறது. இப்போது அது பிப்ரவரியில் நிற்கிறது. பள்ளிகளில் ஆண்டுத் தேர்வுக்காகப் பிள்ளைகளை முடுக்கும் வேளை அது. வீட்டில் கற்பிப்போருக்கு அந்தக் கட்டாயம் இல்லை. ஷவ்வால் முதல் ஷஃபான் வரை பதினொரு மாதங்கள், ஏறத்தாழ 46 வாரங்கள். ஹஜ்ஜுப் பெருநாள், உறவினர் திருமணங்கள், காய்ச்சல், விருந்தினர் ஆகியவற்றிற்குப் பத்து வாரங்களைத் தாராளமாக ஒதுக்கினாலும் 36 வாரங்கள் எஞ்சுகின்றன. ரமளான் முழுவதும் ஓதுதலுக்கும் ஓய்வுக்கும் உரியதாகிவிடுகிறது.

வகுப்பு வாரியாகப் பாடங்களை எழுதுவது எளிது. மாநிலப் பாடநூல்கள் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. எண்ணிப் பார்க்க வேண்டியது பெரியவர்களின் நேரத்தை. நாங்கள் ஒரு தாளில் அதைத்தான் முதலில் எழுதினோம். ஃபஜ்ருக்குப் பின் வாப்பாவிடம் ஒன்றரை மணி நேரம். அதன்பின் அவர் கடைக்குப் புறப்பட வேண்டும். முற்பகலில் உம்மாவிடம் மூன்று மணி நேரம். மஃரிபிற்கும் இஷாவிற்கும் இடையே ஒரு மணி நேரம். ஆக மொத்தம் ஐந்தரை மணி. இதைத்தான் நால்வருக்கும் பங்கிட வேண்டும். பாத்திக்கும் வீட்டின் பங்கீட்டிற்கும் உள்ள ஒற்றுமையை உழவர் குடும்பங்கள் அறியும்: நீர் ஒன்றே, முதலில் எந்த மடையைத் திறப்பது என்பதே கேள்வி.

மகன் காலையில் பள்ளிவாசல் மதரஸாவில் ஹழரத்திடம் ஓதிவிட்டு ஒன்பது மணிக்குத் திரும்புகிறான். அவனுடைய ஹிஃப்ழுக்காக வீடே ஒதுங்கி நிற்கிறது. அவன் பழைய ஜுஸ்உகளை மீட்டும்போது யாரும் உரக்கப் பேசுவதில்லை. அவனைக் கடைக்கு அனுப்புவதுமில்லை. அது நல்ல பழக்கம், இருக்கவே வேண்டும். ஆனால் மூத்தவள் இயற்கணிதம் போடும்போது அதே ஒதுக்கம் அவளுக்குக் கிடைக்கிறதா? தம்பி அழுதால், அரிசி களைய வேண்டுமென்றால், வாசலில் மீன்காரர் குரல் கொடுத்தால் எல்லாரும் அழைப்பது அவளைத்தான். பிள்ளைகள் நிறைந்த வீடுகளில் ‘லாத்தா பார்த்துக்கொள்வாள்’ என்ற ஒரு சொல்லில் எத்தனையோ பெண்பிள்ளைகளின் படிப்பு கரைந்திருக்கிறது. வீட்டுக் கல்வியில் அந்த ஆபத்து இன்னும் பெரிது. ஏனெனில் அவள் நாள் முழுவதும் கைக்கெட்டும் தொலைவிலேயே இருக்கிறாள்.

இந்த ஆண்டு அவள் தேசியத் திறந்தநிலைப் பள்ளி நிறுவனத்தின் வழியே பத்தாம் வகுப்புத் தேர்வு எழுதுகிறாள். பதினான்கு வயது நிரம்பியவர்கள் அதில் சேரலாம். மொழி ஒன்றேனும் இடம்பெறும்படி ஐந்து பாடங்களில் தேர்ச்சி பெற வேண்டும். ஐந்தையும் ஒரே வேளையில் எழுதும் கட்டாயமில்லை. பதிவு ஐந்தாண்டு செல்லும், தேர்வு ஆண்டிற்கு இருமுறை நடக்கும். எனவே அக்டோபர் பருவத்தில் மூன்று, ஏப்ரல் பருவத்தில் இரண்டு என்று பிரித்திருக்கிறோம். கணிதம் முதல் மூன்றில் ஒன்று. வரும் ரமளான் 2027 பிப்ரவரி இரண்டாம் வாரத்தில் தொடங்கக்கூடும் என்பது கணக்கு; பிறையே முடிவு செய்யும். நோன்பும் கணிதத் தயாரிப்பும் ஒரே மாதத்தில் அவள்மீது விழாதிருக்கவே இந்த ஏற்பாடு.

ஆகவே வாப்பாவின் ஃபஜ்ர் நேரம் முழுவதும் அவளுடைய கணிதத்திற்கும் அறிவியலுக்கும். ஒன்பது முதல் பன்னிரண்டு வரை அவள் அறைக் கதவு சாத்தியிருக்கும், யாரும் தட்டலாகாது. இதை வீட்டிலுள்ள பெரியவர்களிடம் சொல்லிச் சம்மதம் பெறுவதே திட்டத்தின் கடினமான பகுதியாக இருந்தது. “பொம்பளப் புள்ளைக்கு அடுப்படி வேல தெரிய வேணாமா?” என்று உம்மும்மா கேட்டார்கள். வேலை தெரிய வேண்டும், நால்வருக்கும் தெரிய வேண்டும் என்று மரியாதையாகச் சொன்னோம். மகனுக்குத் துணி மடிப்பதும் பாத்திரம் துலக்குவதும் அஸருக்குப் பின் அட்டவணையில் உண்டு. ஹாஃபிழாகப் போகிறவன் கையில் பாத்திரமா என்று உம்மும்மா சிறிது வருந்தினார்கள். ஆயினும் காலையில் கடைக்குட்டியைத் தம் மடியில் வைத்துக்கொள்ள அவர்களே முன்வந்தார்கள். அந்த ஒரு மணி நேரம் எங்கள் தாளில் இல்லாத வரவு. அவர்களிடம் மனப்பாடமாக உள்ள துஆக்களும் நபிமார் கதைகளும் எந்தப் பாடநூலிலும் குறையாதவை.

கணிதமும் மொழிப் பயிற்சியும் அவரவர் நிலைக்கு ஏற்பத் தனித்தனியே நடந்தாக வேண்டும். அவற்றைச் சேர்க்க முயல்வது வீண். மற்றவற்றை ஒரே பாயில் நால்வரையும் அமர்த்திக் கற்பிக்கலாம். மஃரிபிற்குப் பிந்திய நேரத்திற்கு உமறுப் புலவரின் சீறாப்புராணத்தைத் தேர்ந்தெடுத்தோம். ஐயாயிரத்துக்கு மேற்பட்ட பாடல்களை முழுமையாகப் படிக்கும் எண்ணமில்லை. விலாதத்து, நுபுவ்வத்து, ஹிஜ்ரத்து என மூன்று காண்டங்கள் இருப்பதால் ஆண்டின் மூன்று பருவங்களுக்கு அது தானே பொருந்திவருகிறது. சிறியவன் கதை கேட்பான். எட்டு வயதினள் கேட்டதை நான்கு வரியில் எழுதுவாள். மகன் மக்காவிலிருந்து மதீனா வரையிலான வழியை வரைபடமாக்குவான். மூத்தவள் வாரம் ஒரு பாடலைச் சீர்பிரித்துப் பொருள் சொல்வாள். காவியம் நபிகள் நாயகத்தின் (ஸல்) இறுதிக்காலம் வரை செல்லாமல் நின்றுவிடுவதால், ஷஃபானில் எளிய உரைநடை வரலாறு ஒன்றால் நிறைவு செய்வோம்.

அறிவியலுக்கு மொட்டைமாடியில் ஒரு மீட்டர் கம்பு போதும். எங்களைப் போன்ற தென்கடற்கரை ஊர்களில் ஏப்ரல் நடுவிலும் ஆகஸ்ட் இறுதியிலும் நண்பகலில் நிழலே விழாது. ஜூனில் அது தெற்கே விழும். சிறியவன் சுண்ணாம்புக் கட்டியால் நிழலைக் கோடிடுவான். அவன் லாத்தா அளப்பாள். காக்கா வாரந்தோறும் வரைபடத்தாளில் குறிப்பான். ஷாஃபிஈ மத்ஹபில் நண்பகல் நிழலோடு கம்பின் நீளமும் சேர்ந்த அளவு நிழல் நீண்டால் அஸர் நேரம் நுழைகிறது. நிழலற்ற நாளில் அப்போது சூரியன் எத்தனை பாகையில் நிற்கும் என்பதை மூத்தவள் முக்கோணவியலால் கண்டறிவாள். விடை 45 என்று முன்கூட்டியே சொல்லிவிட வேண்டாமென அவளே கேட்டுக்கொண்டிருக்கிறாள், யூகித்துவிட்டாள் போலும்.

மாலையில் அஸருக்குப் பின் விளையாட்டு. இமாம் கஸ்ஸாலி அவர்கள் பாடம் முடிந்த பிள்ளைக்கு விளையாட்டு வேண்டும் என்று இஹ்யாவில் வலியுறுத்தியிருப்பதை, அதை வீண்பொழுது எனக் கருதும் உறவினருக்கு நாங்கள் நினைவூட்டுவதுண்டு. வெள்ளிக்கிழமை முழு விடுமுறை.

அட்டவணையை நால்வரிடமும் காட்டினோம். மூத்தவள் ஒரே ஒரு திருத்தம் கோரினாள். தங்கைக்குத் தஜ்வீத் சொல்லிக்கொடுக்கும் அரை மணி நேரத்தைத் தனக்குத் தர வேண்டுமாம். யாரும் அவளை ஏவவில்லை. அது அவளாகக் கேட்டது என்பதால் மறுக்க மனம் வரவில்லை. எனினும் அந்தக் கட்டத்தை மட்டும் பென்சிலால் எழுதியிருக்கிறோம். செப்டம்பர் பிறந்ததும் அதை அழித்துவிட்டு உம்மாவின் பெயரை எழுதிக்கொள்வதாக அவளிடம் சொல்லியும் இருக்கிறோம்.