கோபம் சரி, விலாசம் தப்பு

விளையாட்டு கேம்களை உருவாக்குகிறவர்களை ரசிகர்கள் திட்டும் திட்டைப் பார்த்தால், கோல்கீப்பர் பந்தை நழுவவிட்டதே ஒரு புரோகிராமரின் சதி என்று தோன்றும். 2020 பிப்ரவரியில் ஃபிஃபா கேமின் தொழில்முறை ஆட்டக்காரர் ஒருவரையே அதைத் தயாரித்த இஏ நிறுவனம் தன் கேம்கள் அனைத்திலிருந்தும் தடை செய்தது. ஊழியர்களை மிரட்டியும் ஏசியும் பதிவிட்டார், பிறரையும் தூண்டினார் என்பது நிறுவனம் சொன்ன காரணம். ஆனால் ரசிகர்களுக்கு எரிச்சலூட்டும் முடிவுகளை எடுப்பது யார்? 2021 நிதியாண்டில் இஏவுக்கு, வீரர்கள் அடங்கிய பேக்குகளைக் காசுக்கு விற்கும் அல்டிமேட் டீம் வழியாக மட்டும் 162 கோடி டாலர் வந்தது. மொத்த வருவாயில் 29 சதவீதம். பணம் கொட்டுகிற இடத்துக்குத்தான் ஆளும் நேரமும் போகும். தனியாக ஆடும் கெரியர் மோட் வருடக்கணக்கில் பெரிய மாற்றமின்றிக் கிடந்ததற்கு அனிமேஷன் செய்கிறவர் என்ன செய்வார், பாவம்! போட்டி இல்லாததும் ஒரு காரணம். 2004 டிசம்பரில் அமெரிக்கக் கால்பந்து லீக்கான என்எஃப்எல் இஏவுக்கே தனி உரிமம் கொடுத்தது. போட்டியாக இருந்த என்எஃப்எல் 2கே வரிசை அத்தோடு நின்றது. வேறு கடை இல்லாத ஊரில் கடைக்காரருக்கு என்ன அவசரம்?

'காசு கொடுத்தவன் கேட்கக் கூடாதா, கத்தாமல் எது நடந்தது?' என்பார்கள். நியாயம்தான். 2020-ல் இஏவின் அமெரிக்கக் கால்பந்து கேமான மேடனின் ரசிகர்கள் ஹேஷ்டேக் போட்டு, அணியை நிர்வகிக்கும் ஃபிரான்சைஸ் மோடைச் சரிசெய்யச் சொன்னார்கள். இஏவும் இறங்கிவந்து மாற்றங்களை அறிவித்தது. அங்கே பலித்தது, குறையைப் பெயர் சொல்லி நிறுவனத்திடம் கேட்டது. தனி ஊழியரை ஏசினால், ரசிகர்களோடு பேசிக்கொண்டிருந்த அந்த ஒருவரும் கணக்கைப் பூட்டிவிட்டுப் போவார். கோபம் இருந்தால் இந்த வருடப் பதிப்பை வாங்காதீர்கள், பேக் வாங்குவதை நிறுத்துங்கள்.