இருட்டு அறையும் ஏழின் குறுக்குக் கோடும்

என் இளைய மகள் முனைவர் பட்டத்துக்கு ஆராய்ச்சி செய்த இடத்தை நான் ஒரே ஒரு முறைதான் பார்த்திருக்கிறேன். 2013ஆம் வருஷத்துப் பனிக்காலம். பிரான்சின் கிழக்கு ஓரத்தில் ஒரு நகரம், அதில் ஒரு பல்கலைக்கழகம், அதன் உயிர் இயற்பியல் ஆய்வுக்கூடம். பாண்டிச்சேரியில் பிரெஞ்சுப் பள்ளியில் படித்து, பிறகு முப்பத்தைந்து வருஷம் இங்கிலீஷ் கோப்பு எழுதி ஓய்வு பெற்றவன் நான். படித்த பிரெஞ்சு எனக்கு உருப்படியாக உதவியது அந்த இரண்டு மாதங்களில்தான் என்று சொன்னால் மிகையில்லை. ரொட்டிக் கடையில் நான் பேசியதைக் கேட்டு ஒரு கிழவி, "எந்தக் காலத்துப் பிரெஞ்சு ஐயா இது?" என்று சிரித்தாள்.

போன காரணத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். என் மனைவி 2012இல் காலமானாள். முதல் வருஷத் திதிக்கு இளையவள் வரவில்லை. "வேலையில ஒரு தப்பு நடந்துபோச்சுப்பா, எல்லாத்தையும் திரும்பச் செய்யணும்" என்று போனில் சொன்னாள். பெற்ற தாயின் திதியைவிடப் பெரிய வேலை என்ன வேலை என்று நான் கேட்ட கேள்வியை இங்கே அப்படியே எழுத எனக்குக் கூச்சமாக இருக்கிறது. இரண்டு மாதம் நான் அவளோடு பேசவில்லை. பிறகு அவளே டிக்கெட் எடுத்து அனுப்பினாள். பெரியவள் என்னைப் பிடித்துத் தள்ளாத குறையாக விமானம் ஏற்றினாள்.

போய் இறங்கிய நாலாம் நாள் ஆய்வுக்கூடத்துக்கு அழைத்துப் போனாள். நான் நினைத்தது கண்ணாடிக் குடுவையும் புகையும். இருந்ததோ இருட்டு. ஜன்னலில் கறுப்புத் திரை, கருவியைச் சுற்றிக் கறுப்புத் துணி. கம்ப்யூட்டர் திரையைக்கூட வேறு பக்கம் திருப்பி வைத்திருந்தார்கள். அவர்கள் தேடும் வெளிச்சம் அவ்வளவு மெல்லியது.

அதற்கு முந்தின இரவே வீட்டில் அவள் எனக்குப் பாடம் எடுத்திருந்தாள். கடையில் விற்கும் டானிக் வாட்டர் பாட்டிலை வாங்கி வந்து, விளக்கை அணைத்து, புற ஊதா டார்ச்சை அதன்மேல் அடித்தாள். தண்ணீர் போல இருந்தது நீலமாய் எரிந்தது. "க்வினைன்ப்பா" என்றாள். மலேரியாக் காய்ச்சலுக்கு எங்கள் தலைமுறை முகம் சுளித்து விழுங்கிய அதே கசப்பு. கேம்பிரிட்ஜில் ஸ்டோக்ஸ் என்பவர் 1852இல் இந்த க்வினைன் கரைசலை வைத்துத்தான் விஷயத்தைத் தெளிவாக்கினார். ஃப்ளூரசன்ஸ் என்ற பெயரை வைத்தவரும் அவரே. தமிழில் ஒளிர்வு என்கிறார்கள். கண்ணுக்குத் தெரியாத ஒளியை மூலக்கூறு வாங்கிக்கொள்கிறது, கொஞ்சத்தைத் தானே வைத்துக்கொண்டு, மிச்சத்தைக் கண்ணுக்குத் தெரியும் ஒளியாகத் திருப்பிக் கொடுக்கிறது. வாங்குவதற்கும் கொடுப்பதற்கும் நடுவே போகிற நேரம் ஒரு விநாடியை நூறு கோடியாகப் பிரித்தால் அதில் சில பங்குதான். எங்கள் ஆபீசில் ஒரு கோப்பு உள்ளே போய் வெளியே வர ஆன காலத்தை நினைத்துக்கொண்டேன்!

அந்தக் கொஞ்ச நேரத்தில் என்ன தெரிந்துகொள்ள முடியும் என்று கேட்டேன். இங்கே ஒரு பழைய பெயர் வந்தது, பெரென். அணுக்கள் உண்மையிலேயே இருக்கின்றன என்று நிரூபித்த ழான் பெரென் பற்றிப் பள்ளியில் படித்திருக்கிறேன். அவர் நோபல் பரிசு பெற்றது 1926இல். அதே வருஷம் அவர் மகன் ஃப்ரான்சிஸ் பெரென் ஒரு கணக்கைச் சொன்னாராம். ஒளியை ஒரே தளத்தில் அதிரும்படி வடிகட்டி மூலக்கூறின்மேல் விட்டால், அது ஒளியைத் திருப்பிக் கொடுப்பதற்குள் எவ்வளவு புரண்டிருக்கிறது என்று அளக்கலாம். சின்ன மூலக்கூறு பம்பரம் மாதிரி புரண்டுவிடும். பெரிய புரதத்தோடு ஒட்டிக்கொண்டால் தேர் திரும்புகிற மாதிரி மெதுவாகத்தான் திரும்பும். ஆகவே ஒட்டியதா இல்லையா என்பதை உடைக்காமல், தொடாமல் சொல்லிவிடலாம். மருந்து போய்ச் சேர வேண்டிய புரதத்தில் சேர்ந்ததா என்று பார்க்கவும் இந்த வழி உதவுமாம். என் மகள் செய்துகொண்டிருந்ததும் இந்த வகை வேலைதான்.

சரி, தப்பு என்ன? இதை அவள் அந்த இருட்டறையில் வைத்துச் சொன்னாள். புரதம் எதுவும் போடாத, வெறும் தண்ணீரும் உப்பும் கலந்த கரைசலை முதலில் அளக்க வேண்டும். அதற்கு ப்ளாங்க் என்று பெயர். அதில் வெளிச்சம் இருக்கக்கூடாது. புதிதாகக் கரைசல் தயாரித்தபோது அதை அளக்காமல், பழைய அளவையே நம்பிப் பல மாதம் ஓட்டிவிட்டாள். ஒருநாள் சந்தேகம் வந்து அளந்தால் வெறும் கரைசலே ஒளிர்கிறது. போட்ட பொருளில் ஏதோ அழுக்கு. கண்டுபிடிப்பு என்று அவள் நினைத்ததில் பாதி அந்த அழுக்கின் வெளிச்சம்.

"வேற யாருக்கும் தெரியாதாம்மா?" என்றேன்.

"யாருக்கும் தெரியாதுப்பா. நானேதான் போய் எங்க ப்ரொஃபசர்கிட்ட சொன்னேன். அம்மா திதிக்கு ரெண்டு வாரம் இருக்கும்."

எனக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை. அவள்தான் பேச்சை மாற்றினாள். சுத்தமான தண்ணீரை மட்டும் கருவியில் வைத்துத் திரையைக் காட்டினாள். கோடு தரையோடு ஓடி, ஓரிடத்தில் சின்ன மேடாக எழும்பியது. "இன்னும் அழுக்கு போகலையே" என்றேன். "அது அழுக்கில்லப்பா, அது நம்ம ராமன்" என்றாள். உள்ளே விடும் ஒளியின் அலைநீளம் 350 நானோமீட்டர் என்றால் மேடு 397க்குப் பக்கத்தில் நிற்கிறது. 340க்கு இறக்கினால் மேடும் 384க்கு இறங்கி வருகிறது. ஒளிர்வாக இருந்தால் நின்ற இடத்திலேயே நிற்கும், ராமன் ஒளி மட்டும் கூடவே நகரும். எவ்வளவு வடிகட்டினாலும் போகாது, ஏனென்றால் அது தண்ணீரின் சொந்தச் சொத்து. 1923இல் கல்கத்தாவில் ராமனிடம் வேலை செய்த ராமநாதன் இதைப் பார்த்தபோது மெல்லிய ஒளிர்வு என்றுதான் எடுத்துக்கொண்டார்கள். அழுக்காக இருக்கும் என்று திரவத்தைத் திரும்பத் திரும்பச் சுத்தம் செய்தார்கள், போகவில்லை. அது வேறு சமாச்சாரம் என்று ராமனும் நம் வத்திராயிருப்புக் கிருஷ்ணனும் தெளிந்தது 1928இல்.

பிறகு தன் நோட்டுப் புத்தகத்தைக் கொடுத்தாள். பக்கங்களுக்கு எண் போட்டது, கிழிக்கக்கூடாது. தப்பான மாதங்களின் பக்கங்கள் எல்லாம் அப்படியே இருந்தன. ஒவ்வொன்றிலும் ஒற்றைக் கோடு, பக்கத்தில் தேதி, கையெழுத்து. எங்கள் ரிஜிஸ்டரிலும் இதே விதிதான்: அழிக்காதே, மேலே எழுதாதே, ஒரு கோடு போட்டு இனிஷியல் வை. தேதிகளில் அவள் எழுதியிருந்த ஏழுக்கு நடுவில் குறுக்குக் கோடு இருந்தது. "இங்க எல்லாரும் இப்படித்தான்ப்பா எழுதுவாங்க. இல்லன்னா ஒண்ணுன்னு நெனச்சுடுவாங்க" என்றாள்.

எனக்குத் தெரியும். என்னைவிட யாருக்குத் தெரியும்?

1985இல் ஒரு வாட்ச்மேனின் பென்ஷன் கணக்கு என்னிடம் வந்தது. பிரெஞ்சுக்காரன் காலத்தில் சேர்ந்தவர். பழைய தாள்கள் பிரெஞ்சில் இருந்ததால்தான் என்னிடம் கொடுத்தார்கள். சேர்ந்த வருஷம் 1951. பிரெஞ்சுக் கையெழுத்தில் ஒன்றுக்கு நீளமாக மேல்கோடு இழுப்பார்கள். குறுக்குக் கோடு இல்லாததால் அது ஏழல்ல என்று எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். அவசரத்தில் 1957 என்று எழுதிவிட்டேன். அப்போதெல்லாம் 33 வருஷம் இருந்தால் முழுப் பென்ஷன். அவருக்கு 34 இருந்தது. நான் போட்டது 28. அவருக்குப் படிக்கத் தெரியாது. "ஐயா பாத்து சரியாத்தான் போட்டிருப்பீங்க" என்று கைநாட்டு வைத்துவிட்டுப் போனார்.

ஆறு மாதம் கழித்து வேறு வேலையாகக் கோப்பை எடுத்தபோது தப்பைப் பார்த்தேன். என் பெயர் அப்போது புரமோஷன் பட்டியலில் இருந்தது. கோப்பைக் கட்டி வைத்துவிட்டேன். மூன்று வருஷத்தில் அவர் போய்ச் சேர்ந்தார்.

திரும்பும்போது டிராமில் இதை மகளிடம் சொன்னேன். என் மனைவிக்குக்கூடத் தெரியாத விஷயம். வெளியே பனி பெய்துகொண்டிருந்தது. அவள் ரொம்ப நேரம் பேசவில்லை. இறங்குகிற இடம் வருகையில், "அவங்க வீட்ல யாராவது இருக்காங்களாப்பா?" என்று மட்டும் கேட்டாள்.

ஊருக்கு வந்து விசாரித்தேன். முத்தியால்பேட்டையில் மகன் இருந்தார், அவருக்கே அறுபது தாண்டிவிட்டது. திண்ணையில் உட்கார்ந்து முழுக்கச் சொன்னேன், தொகை எவ்வளவு இருக்கும் என்பதையும் தாளில் போட்டுக் கொண்டு போயிருந்தேன். அவர் தாளை வாங்கி மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். "எங்கப்பா உங்கள ரொம்ப நல்லா சொல்லுவாருங்க. காசு வாங்காம வேலைய முடிச்சிக் குடுத்தவர்னு" என்றார்.

பிறகு உள்ளே பார்த்து டீ போடச் சொல்லிவிட்டு, எனக்குச் சர்க்கரை போடலாமா என்று கேட்டார்.