கருமையைக் காணும் கண்

கறுப்பு நிறம் படத்தில் எடுபடாது என்று சொல்லுவோர் நம்மவரில் அநேகர். அது நிறத்தின் குற்றமா, கருவியின் குற்றமா என்று ஆராய்ந்தவர் சிலரே.

தோட்டத்துக் கிராணி வேலையில் ஓய்வு கிடைக்கும் ஞாயிற்றுக்கிழமைகளில் காமிராவுடன் காட்டோரம் செல்வது நமது வழக்கம். அங்கே கரிச்சான் குருவியைப் படமெடுப்பது பெரும் சோதனை. காமிராவிலுள்ள ஒளியளவி, தான் காண்பதையெல்லாம் நடுத்தரச் சாம்பல் நிறமாகவே கொண்டு கணக்கிடும். வெளுத்த வானத்தின் எதிரே குருவி அமர்ந்தால், வானத்தின் வெளிச்சத்தைக் கண்டு ஒளியைக் குறைத்துவிடும். கண்ணும் அலகும் மறைந்து நிழலுருவே எஞ்சும். அப்பொழுது ஒன்றிரண்டு படி ஒளியைக் கூட்ட வேண்டும். ஒரு படி கூட்டுவதென்றால் ஒளியை இருமடங்காக்குவதாம். மாறாக, கறுப்பே படத்தை நிறைத்தால், கருவி ஒளியை மிகுத்துக் கறுப்பைச் சாம்பலாக்கும். அப்பொழுது ஒளியைக் குறைக்க வேண்டும்.

நமது தீபகற்பத்துச் சிறுத்தையின் கதை இதனினும் பெரிது. இங்குள்ள சிறுத்தைகள் ஏறக்குறைய யாவும் கறுப்பு. புள்ளிகளைக் கொண்டே ஒன்றினின்று மற்றொன்றைப் பிரித்தறிந்து எண்ணுவர் ஆராய்ச்சியாளர். கருஞ்சிறுத்தையின் புள்ளிகள் படத்தில் தெரியாமையால் அவ்வாறு எண்ண இயலாதிருந்தது. 2015-ஆம் ஆண்டு வெளியான ஓர் ஆராய்ச்சியிலே, திரெங்கானுக் காட்டில் வைத்த தானியங்கிக் காமிராக்களைப் பகலிலும் அகச்சிவப்பு ஒளியாலேயே படமெடுக்கச் செய்தனர். கறுப்பினுள் மறைந்திருந்த புள்ளிகள் தெளிவாகத் தோன்றின. அவை புதிதாக முளைத்தனவல்ல; என்றும் இருந்தனவே. காணும் முறைதான் புதிது.

கருவியின் அளவு மனிதன் வகுத்த அளவேயன்றி வேறன்று. முன்னாளில் வண்ணப்படம் அச்சிட்டோர், வெள்ளைக்காரப் பெண்ணொருத்தியின் படத்தை வைத்தே நிறத்தைச் சரிபார்த்தனர். ‘ஷெர்லி அட்டை’ என்பது அதன் பெயர். பல நிறத்தாரும் இடம்பெற்ற அட்டையைக் கோடாக் நிறுவனம் வெளியிட்டது 1990களிலேதான்.

இதனை ஏன் விரித்துரைக்கிறோம்? சென்ற ஆண்டு எமது தோட்டத்துப் பெண்ணொருத்திக்கு வரன் பார்க்கப் படம் எடுத்தார்கள். பட்டணத்துப் படக்கடையிலே, கேளாமலே முகத்தை வெளுத்துக் கொடுத்தனர். தாய் அதனை நம்மிடம் நீட்டி, “இது யார் பெற்ற பிள்ளை, ஐயா?” என்றாள். பெண் தலைகுனிந்து நின்றாள். மறுநாட் காலை வெயில் ஏறுமுன், லயத்து வாசலில் அவளை நிறுத்தி, முகத்தின்மேலேயே ஒளியை அளந்து நாம் ஒரு படம் எடுத்தோம். கறுப்பு கறுப்பாகவும், கண் கண்ணாகவும், தாயின் சாயல் சாயலாகவும் விழுந்தது. தாய் அதனைச் சுவரில் மாட்டினாள். தகப்பனாரோ வெளுத்த படத்தையே மாப்பிள்ளை வீட்டாருக்கு அனுப்பினார்.

அன்பர்களே, காமிராவைத் திருத்துவதற்கு ஒரு திருகு போதும். நம் கண்ணைத் திருத்துவதற்கோ துணிவு வேண்டும். அடுத்த முறை படக்கடைக்குச் செல்லும்போது, “முகத்தை வெளுக்க வேண்டாம், ஒளியைச் சரியாக அளந்து எடுங்கள்” என்று கேளுங்கள். காசு கொடுப்பவர் நாமே; கேட்கும் உரிமையும் நமதே.