படம் திருத்த எந்தக் கருவி?

அரிவாள்மனை, வெட்டுக்கத்தி, தேங்காய்த் துருவி, மீன் செதில் சீவும் கத்தி என்று நம் வீட்டு அடுக்களையில் கருவிகளுக்குக் குறைவில்லை. "இவற்றுள் எது சிறந்தது?" என்று நம் அன்னையரிடம் கேட்டால் சிரித்துவிடுவார்கள். "நீ என்ன செய்யப் போகிறாய் என்று முதலில் சொல்" என்பதே அவர்களின் பதிலாக இருக்கும். வேலையைச் சொல்லாமல் கருவியின் தரத்தைப் பேசுவதில் பொருளில்லை என்பது சமைப்பவர்கள் எல்லாருக்கும் தெரியும். ஆனால் கணினியில் படம் திருத்தும் மென்பொருளைப் பற்றிப் பேசும்போது மட்டும் இந்த எளிய உண்மையை நாம் மறந்துவிடுகிறோம்!

கடந்த கோடை விடுமுறையில் படம் திருத்தக் கற்றுக்கொள்ள விரும்பினேன். எந்த மென்பொருள் நல்லது என்று விசாரித்தபோது ஆளுக்கொரு பெயர் சொன்னார்கள். எது பெரியது, எது புகழ் வாய்ந்தது, எதைப் படப்பிடிப்பு நிலையத்தார் பயன்படுத்துகிறார்கள் என்று சொன்னார்களே தவிர, உனக்கு என்ன வேண்டும் என்று ஒருவரும் கேட்கவில்லை. அந்தக் கேள்வியை நானே என்னைக் கேட்டுக்கொண்டு, ஒரு கருவியைத் தேர்ந்தெடுத்த விதத்தைத் தோழியராகிய உங்கள் முன் வைக்கின்றேன். இதே வழியில் வர எண்ணும் ஒருவருக்கேனும் இது பயன்பட்டால் மகிழ்வேன்.

முதலில் இக்கருவிகள் பிறந்த கதையைச் சுருக்கமாகப் பார்ப்போம். இன்று உலகெங்கும் பேசப்படும் ஃபோட்டோஷாப், 1987-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக் கழகத்தில் ஆராய்ச்சி மாணவராக இருந்த தாமஸ் நோல் என்பவர் தம் சொந்தத் தேவைக்காக எழுதிய சிறு நிரலிலிருந்து வளர்ந்தது. அவருடைய கணினித் திரையால் கறுப்பையும் வெள்ளையையும் மட்டுமே காட்ட முடிந்தது. இடைப்பட்ட சாம்பல் நிறங்களையும் அதில் காட்ட வேண்டும் என்பதே அவர் ஆசை! பின்னர் அவருடைய சகோதரர் ஜான் நோலும் சேர்ந்துகொள்ள, 1990-இல் அடோபி நிறுவனம் அதை வெளியிட்டது. கிம்ப் என்னும் மென்பொருளை 1995-இல் தொடங்கியவர்கள் கலிபோர்னியாப் பல்கலைக் கழகத்தின் பெர்க்லி வளாகத்தில் பயின்ற ஸ்பென்சர் கிம்பால், பீட்டர் மாட்டிஸ் என்னும் இரு மாணவர்கள். பெயிண்ட் டாட் நெட் என்பது 2004-இல் வாஷிங்டன் மாநிலப் பல்கலைக் கழக மாணவர்களின் பாடத் திட்டப் பணியாகத் தொடங்கியது. மூன்றுமே மாணவர் கையில் பிறந்தவை என்று அறிந்தபோது எனக்கு ஏற்பட்ட மகிழ்ச்சிக்கு அளவே இல்லை. பெரிய கருவிகளும் சிறிய தேவையிலிருந்தே தொடங்கியிருக்கின்றன. நாம் மட்டும் ஏன் தேவையை விட்டுப் பெயரிலிருந்து தொடங்க வேண்டும்?

என் தேவை இதுதான். எங்கள் ஆச்சியிடம் ஒரு புகைப்படம் இருக்கிறது. அது அவர்களுடைய தாயாரின் படம். அதாவது என் பூட்டியின் படம். மூன்று அங்குல அகலமும் நான்கு அங்குல உயரமும் கொண்ட கறுப்பு வெள்ளைப் படம். பூட்டியின் ஒரே படமும் அதுதான். கடற்காற்றின் ஈரத்தில் அதில் வெள்ளை வெள்ளையாகப் புள்ளிகள் விழுந்திருக்கின்றன. சேலை மடிப்பின் குறுக்கே ஒரு கீறல். கீழ்மூலையைப் பூச்சி அரித்துவிட்டது. ஆச்சிக்கு வயது எழுபத்தெட்டு. இன்று உயிரோடு இருப்பவர்களில் பூட்டியின் முகத்தை நேரில் கண்டவர்கள் அவர்கள் ஒருவரே. அந்தப் படம் முற்றிலும் அழிவதற்குள் அதைச் செப்பனிட வேண்டும் என்பதே என் ஆசை.

தேவை தெரிந்துவிட்டது. அடுத்த கேள்வி, எந்தக் கணினி என்பது. எங்களிடம் இருப்பது பெரியப்பா மகள் அக்கா பன்னிரண்டாம் வகுப்பில் பெற்ற அரசின் விலையில்லா மடிக்கணினி. தமிழக அரசு 2011-ஆம் ஆண்டில் தொடங்கிய திட்டத்தில் வந்தது. அதன் நினைவகம் 4 ஜி.பி. இன்றைய ஃபோட்டோஷாப்புக்குக் குறைந்தது 8 ஜி.பி. வேண்டும் என்று அதன் நிறுவனமே கூறுகிறது. அப்படியானால் என் வேலைக்கு 4 ஜி.பி. போதுமா? கணக்குப் போட்டுப் பார்த்தேன். அங்குலத்துக்கு 600 புள்ளிகள் வீதம் ஸ்கேன் செய்தால், அகலத்தில் 1,800 புள்ளிகளும் உயரத்தில் 2,400 புள்ளிகளும் கிடைக்கும். இரண்டையும் பெருக்கினால் 43,20,000 புள்ளிகள். புள்ளி ஒன்றுக்கு மூன்று பைட்டு என்றாலும் ஒன்றே கால் கோடிக்குச் சற்று மேல்தான். அதைப்போல நாலைந்து பங்கு இடம் பிடித்தாலும் எங்கள் கணினி தாங்கும். கணக்குப் பாடம் இப்படியும் உதவும் என்று நான் நினைத்ததே இல்லை!

மூன்றாவது கேள்வி விலை. ஃபோட்டோஷாப்பை ஒருமுறை காசு கொடுத்து வாங்கி வைத்துக்கொள்ளும் வழக்கத்தை அதன் நிறுவனம் 2013-இல் மாற்றிவிட்டது. இப்போது சந்தா கட்டும் வரையில்தான் பயன்படுத்தலாம். ஒரே ஒரு படத்துக்காக மாதந்தோறும் பணம் கட்ட எங்கள் குடும்பத்தால் இயலாது. படத்தை ஸ்கேன் செய்யப் போன நகலகத்தில், "நூறு ரூபாய் கொடு பாப்பா, முழுவதையும் போட்டுத் தருகிறேன், சந்தாவே வேண்டாம்" என்றார்கள். பூட்டை உடைத்து எடுத்த பிரதி அது. "திருடின சாமான் வீட்டுக்கு வேண்டாம்" என்று அம்மா ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார்கள். அதில் நேர்மை மட்டுமன்றிப் பாதுகாப்பும் இருக்கிறது. அப்படி உடைத்த பிரதிகளோடு கணினியைக் கெடுக்கும் நச்சு நிரல்கள் ஒட்டிக்கொண்டு வருவதுண்டு. ஆனால் நேர்மையாகவே இலவசமாகக் கிடைப்பவை இருக்கும்போது திருட்டுக்கு என்ன அவசியம் நேர்ந்தது?

அத்தகையவற்றில் நான்கைப் பார்த்தேன். கிரிட்டா என்பது முதன்மையாக ஓவியம் வரைவோருக்கானது. ஸ்வீடன் நாட்டு மொழியில் அப்பெயருக்கே வண்ணக்கட்டி என்று பொருளாம்! வெற்றுத் தாளில் வரைய விரும்பும் தோழியருக்கு அதைவிட நல்லது கிடைப்பது அரிது. எனக்கோ பழைய படத்தைச் செப்பனிட வேண்டும். பெயிண்ட் டாட் நெட் பழகுவதற்கு மிக எளிது. ஆனால் விண்டோஸ் கணினியில் மட்டுமே இயங்கும். ஃபோட்டோபீ என்பது இவான் குட்ஸ்கிர் என்பவர் உருவாக்கியது. கணினியில் எதையும் நிறுவ வேண்டியதில்லை. இணைய உலாவியில் திறந்தால் போதும். படமும் நம் கணினியை விட்டு வெளியே போவதில்லை. பள்ளிக் கணினியில் அவசரமாக ஒரு சுவரொட்டி செய்ய அது மிகப் பொருத்தம். ஆனால் அதைத் திறக்க இணையம் வேண்டும். எங்கள் வீட்டில் இணையம் அப்பாவின் கைபேசியோடு வேலைக்குப் போய்விடும்! மீதியிருந்தது கிம்ப். விண்டோஸ், லினக்ஸ், மாக் மூன்றிலும் இயங்கும். இணையம் இல்லாமலே வேலை செய்யும். விலையும் இல்லை, சந்தாவும் இல்லை. கருவிகள் அதிகமாதலால் முதலில் மிரட்சியாகத்தான் இருக்கும். ஆனால் எனக்குத் தேவைப்பட்டவை மூன்றே மூன்று.

அவற்றைச் சொல்லுமுன் நான்காவது கேள்விக்கு வருகிறேன். இதை நான் எந்தப் பட்டியலிலும் காணவில்லை, ஆச்சியிடம் கற்றேன். "இவ்வளவு பாடு எதற்கு? கைபேசியில் ஒரு செயலி இருக்கிறது, ஒரே தொடுதலில் முடித்துவிடும்" என்று அக்கா சொன்னாள். செய்தும் காட்டினாள். பத்தே நொடியில் படம் பளபளவென்று வந்தது. கீறல் இல்லை, புள்ளி இல்லை. எல்லாரும் வியந்து பார்த்தோம். ஆச்சி கைபேசியை வாங்கிக் கண்ணருகே கொண்டுபோனார்கள். வெகுநேரம் பார்த்தார்கள்.

"நல்லாத்தான் இருக்கு. ஆனா இது எங்கம்மா இல்லளா" என்றார்கள்.

அப்போதுதான் நாங்களும் உற்றுப் பார்த்தோம். பூட்டியின் கறுத்த முகம் வெளுத்திருந்தது. தோளைத் தொடும்படி தொங்கிய காதுகளையும் அவற்றில் ஆடிய பாம்படத்தையும் காணோம்! நீண்ட காதைப் படத்தின் பழுது என்று எண்ணி, அந்தச் செயலி அதையும் "சரி" செய்திருந்தது. தனக்குத் தெரியாத இடத்தில் தான் வேறெங்கோ கண்ட முகங்களைக் கொண்டு நிரப்பிவிட்டது. அழகான ஒரு பெண்ணின் படம்தான். ஆனால் அப்படி ஒரு பெண் இந்த உலகில் பிறக்கவே இல்லை. இன்று அது தவறு என்று சொல்ல ஆச்சி இருக்கிறார்கள். ஆச்சிக்குப் பிறகு? நாங்கள் அந்தப் பொய் முகத்தையே பூட்டி என்று நம்பி, சட்டம் போட்டுச் சுவரில் மாட்டியிருப்போம் அல்லவா? நினைக்கவே நெஞ்சம் நடுங்குகிறது.

ஆகவே நான்காவது கேள்வி இது: எதை மாற்ற வேண்டும், எதை விட வேண்டும் என்னும் முடிவை இக்கருவி என் கையில் விடுகிறதா? மூலப் படத்தைத் தொடாமல் காக்கிறதா?

கிம்ப் அதற்கு இடம் தருகிறது. எனக்குத் தேவைப்பட்ட மூன்றில் முதலாவது 'அடுக்கு'. படத்தின் மேல் கண்ணாடித் தாளை விரித்து அதன்மேல் வரைவது போன்றது இது. திருத்தங்கள் எல்லாம் மேல் அடுக்கில் இருக்கும்; அடியில் மூலப் படம் அப்படியே இருக்கும். பிடிக்காவிட்டால் மேல் அடுக்கை எடுத்துவிடலாம். இரண்டாவது, நகலெடுக்கும் முத்திரைக் கருவி. அருகிலுள்ள நல்ல பகுதியை எடுத்துப் பழுதான இடத்தில் ஒற்றும். சேலைக் கீறலை இதனால்தான் மறைத்தேன். மூன்றாவது, ஆற்றும் கருவி. இதுவும் அருகிலிருந்து எடுத்து ஒற்றும். ஆனால் ஒற்றும் இடத்தின் ஒளிக்கும் நிழலுக்கும் ஏற்பக் கலந்துவிடும். சிறு புள்ளிகளுக்கு இதுவே நல்லது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். ஜேபெக் முறையில் ஒரு படத்தைத் திருத்தித் திருத்திச் சேமிக்குந்தோறும் அதன் நுணுக்கம் சிறிது குறையும். 2012-இல் வெளிவந்த 2.8 பதிப்பு முதல், கிம்ப்பில் 'சேமி' என்றால் அடுக்குகளோடு கூடிய அதன் சொந்தக் கோப்பாகவே சேமிக்கும். ஜேபெக் வேண்டுமானால் தனியே ஏற்றுமதி செய்ய வேண்டும். பலர் இதைத் தொல்லை என்பர். புதிதாகப் பழகும் எனக்கோ இது கைபிடித்து நடத்தும் மூத்தவரைப் போல் இருந்தது.

படத்தைப் பெரிதாக்கிப் புள்ளி புள்ளியாகப் பார்த்தபோது ஒரு சிக்கல் எழுந்தது. கன்னத்தில் சில குழிகள் தெரிந்தன. அவை ஈரத்தால் வந்த பழுதா, முகத்திலேயே இருந்தவையா? ஆச்சியை அருகில் உட்கார வைத்துக் காட்டினேன். "அது பெரியம்மைத் தழும்புளா. அஞ்சு வயசிலே வந்ததாம். பிழைச்சதே பெரிசுன்னு சொல்லுவா. அதை அழிச்சிராதே" என்றார்கள். அழிக்கவில்லை. இப்படியே ஒவ்வொன்றாகக் கேட்டுக் கேட்டு, பதினோரு நாட்கள் மாலைதோறும் வேலை நடந்தது. புள்ளிகளைக் கேட்கப்போய்ப் பூட்டியின் வாழ்க்கையையே கேட்டு முடித்தேன். பூச்சி அரித்த மூலையில் என்ன இருந்தது என்று ஆச்சிக்கே நினைவில்லை. ஆகவே அந்த இடத்தை அப்படியே விட்டுவிட்டோம். அறியாததை வரைந்து நிரப்ப எங்களுக்கு மனம் வரவில்லை.

என் அன்புத் தோழியரே! படம் திருத்தத் தொடங்கும் நீங்கள் கிம்ப்பைத்தான் எடுக்க வேண்டும் என்று நான் சொல்லமாட்டேன். பிறந்த நாள் வாழ்த்து அட்டை செய்ய ஃபோட்டோபீ போதும். ஓவியம் வரைய கிரிட்டா நல்லது. நாளை இதையே தொழிலாகக் கொள்வோர் உழைத்துச் சம்பாதித்து ஃபோட்டோஷாப்புக்குச் சந்தா கட்டட்டும். என்ன வேலை, எந்தக் கணினி, நேர்மையான வழியில் என்ன விலை, மூலத்தைக் காக்குமா என்னும் நான்கு கேள்விகளை மட்டும் கேட்டுப் பாருங்கள். கருவி தானாகவே தெரிந்துவிடும். ஒன்றைத் தேர்ந்தபின் நாளுக்கொன்றாகத் தாவாமல் ஒரு மாதமாவது அதனோடு பழகுங்கள். சித்திரமும் கைப்பழக்கம் அல்லவா?

எல்லாவற்றுக்கும் மேலாக, உங்கள் வீட்டுப் பெட்டிகளிலும் பழைய படங்கள் இருக்கும். அவற்றில் இருப்பவர்களை அறிந்த பெரியவர்களும் இன்று நம்மோடு இருக்கிறார்கள். மென்பொருள் அடுத்த ஆண்டும் கிடைக்கும். இதைவிடச் சிறந்ததும் வரும். அந்தப் பெரியவர்களின் நினைவு அப்படிக் காத்திருக்குமா? ஆகவே கருவியைத் தேடும் முன்னரே, படத்தை எடுத்துக்கொண்டு போய் அவர்கள் அருகில் உட்காருங்கள்.

— பத்தாம் வகுப்பு 'ஆ' பிரிவு மாணவி