விழுந்து பழக ஓர் அமைதியான மலை

சுவிட்சர்லாந்தில் வளரும் பிள்ளைகளுக்குப் பனிச்சறுக்கு என்பது பணக்காரர் விளையாட்டு மட்டும் அல்ல, பள்ளிக்கூட வாழ்க்கையின் ஒரு பகுதியும்கூட. குளிர்காலத்தில் பல பள்ளிகள் பிள்ளைகளை ஒரு வாரம் மலைக்கு அழைத்துப்போய்ச் சறுக்கப் பழக்குகின்றன. 'ஸ்கீலாகர்' என்று அதற்குப் பெயர். கட்டாய முகாம் என்றால் பெற்றோரிடம் சாப்பாட்டுச் செலவை மட்டுமே வாங்கலாம், அதுவும் நாளுக்கு 10 முதல் 16 பிராங்க்குக்குள் இருக்க வேண்டும் என்று அந்நாட்டு உச்ச நீதிமன்றம் 2017-ல் தீர்ப்புச் சொன்னது. பணக் கவலை அதில் ஓரளவு குறைந்தது. ஆனால், 'வகுப்பில் எல்லோருக்கும் சறுக்கத் தெரியும், எனக்கு மட்டும் தெரியாது' என்ற பிள்ளையின் கவலைக்கு எந்த நீதிமன்றத்திலும் தீர்ப்பு கிடைக்காது!

சூரிச்சில் வாழும் ஒரு யாழ்ப்பாணத் தமிழ்க் குடும்பத்தில் இந்தக் கவலை வந்தது 11 வயது மகளுக்கு. அடுத்த ஜனவரியில் அவளுக்கு ஸ்கீலாகர். அப்பா உணவக சமையலறையில் வேலை பார்ப்பவர். அம்மாவுக்கு முதியோர் இல்லத்தில் வேலை. வீட்டில் ஏழு வயதுத் தம்பியும் அம்மம்மாவும் உண்டு. பல ஆண்டுகளாகப் பனி மலைகள் தெரியும் நாட்டில் இருந்தும், இவர்கள் யாரும் ஒரு நாள்கூட ஸ்கீ கட்டியதில்லை.

முகாமுக்கு முன்பே பிள்ளைகளைப் பயிற்சி வகுப்பில் சேர்த்துவிட்டு, பெரியவர்கள் கீழே காத்திருக்கலாம் என்பதுதான் பெற்றோரின் முதல் யோசனை. மகள் ஒத்துக்கொள்ளவில்லை. "நீங்களும் வாங்கோ அப்பா. நாங்கள் விழேக்க நீங்கள் கீழ நிண்டு படம் எடுக்கக் கூடாது" என்று சொல்லிவிட்டாள்.

அப்பாவுக்கு உள்ளுக்குள் இரண்டு பயங்கள். ஒன்று, கால் உடைந்தால் வேலை? அந்த நாட்டில் ஒரே முதலாளியிடம் வாரத்துக்கு எட்டு மணி நேரமாவது வேலை செய்பவருக்கு, வேலைக்கு வெளியே நடக்கும் விபத்துக்கும் கட்டாயக் காப்பீடு உண்டு. வேலைக்குப் போக முடியாவிட்டால் விபத்துக்குப் பிந்தைய மூன்றாம் நாளிலிருந்து சம்பளத்தில் 80 சதவிகிதம் கிடைக்கும். அம்மா இதைப் படித்துக் காட்டியதும் முதல் பயம் பாதி போனது. இரண்டாவதை அவர் வாய்விட்டுச் சொல்லவில்லை. நாலு வயதுக் குழந்தைகள் சறுக்கிப் போகும் இடத்தில், 45 வயதில் எல்லோர் முன்னாலும் பொத்தென்று விழ வேண்டுமே என்ற கூச்சம்தான் அது. அதனால்தான் இந்தக் குடும்பம் தேடத் தொடங்கியபோது முதல் நிபந்தனை 'அமைதியான இடம்' என்று ஆனது.

சொந்தக்காரர்கள் ஆளுக்கொரு பெயர் சொன்னார்கள். அதிகம் காதில் விழுந்தது செர்மாட். மேட்டர்ஹார்ன் சிகரத்தின் அடிவாரம். அங்கே கேபிள் கார் 3,883 மீட்டர் உயரம் வரை போகும். உலகப் புகழ்பெற்ற இடம், சந்தேகமே இல்லை. ஆனால், முதல் நாள் சறுக்குபவருக்கு அந்த உயரத்தில் என்ன வேலை? அவர் நாள் முழுவதும் இருக்கப்போவது ஒரு சின்னச் சரிவில். முழு மலைக்கும் டிக்கெட் எடுத்துவிட்டு நூறு மீட்டர் சரிவிலேயே நிற்பது, திருமண மண்டபம் பிடித்து நாலு பேருக்குச் சாப்பாடு போடுவது மாதிரி!

புதியவர்கள் ஒரு மலையைத் தேர்ந்தெடுக்கும்போது அதன் உச்சியைப் பார்க்க வேண்டாம், அடிவாரத்தைப் பாருங்கள். இந்தக் குடும்பமும் அப்படித்தான் பார்த்தது. அம்மா ஒவ்வொரு இடத்தின் வரைபடத்தையும் போனில் பெரிதாக்கிச் சில விஷயங்களைத் தேடினார்.

முதலில், பயிற்சிச் சரிவு தனியாக இருக்கிறதா? மேலிருந்து வேகமாக இறங்குபவர்களின் பாதை பயிற்சிச் சரிவின் ஊடே போனால் அது புதியவர்களுக்கு ஏற்ற இடம் இல்லை. பின்னால் வருபவர்தான் முன்னால் போகிறவருக்கு இடம்விட்டுப் போக வேண்டும் என்று சர்வதேச விதி இருக்கிறது. இருந்தாலும், காதோரம் 'விஷ்ஷ்' என்று ஒருவர் கடந்தாலே புதியவருக்குக் கால் நடுங்கும்.

அடுத்தது, மேலே ஏற என்ன வசதி? பனியின் மேல் மெதுவாக நகரும் 'மேஜிக் கார்ப்பெட்' இருந்தால் நிம்மதி. விமான நிலையத்து நகரும் நடைபாதை போல, ஏறி நின்றாலே போதும். இடுப்புக்குப் பின்னால் கம்பியை வைத்து இழுத்துக்கொண்டு போகும் டி-பார் மட்டும்தான் இருக்கிறது என்றால், சறுக்கப் பழகும் முன் அதில் ஏறப் பழகவே பாதி நாள் போய்விடும்.

மூன்றாவது, நீலப் பாதை எங்கே முடிகிறது? சுவிஸ் மலைகளில் நீலம் என்றால் சுலபம், சிவப்பு நடுத்தரம், கறுப்பு கடினம். சில இடங்களில் நீலப் பாதை நடுவிலேயே சிவப்பில் போய்ச் சேர்ந்துவிடும். பிற்பகலில் கால் சோர்ந்த நேரத்தில் ஏழு வயதுப் பையனோடு அங்கே மாட்டிக்கொண்டால் திண்டாட்டம்தான். கிராமம் வரை நீலமாகவே வர வேண்டும், இல்லையென்றால் லிஃப்ட்டிலேயே கீழே இறங்க வழி இருக்க வேண்டும்.

நான்காவது, சறுக்காதவர்களுக்கு என்ன இருக்கிறது? அம்மம்மா வீட்டில் தனியாக இருக்க மாட்டார். அவருக்கு வழுக்காத நடைபாதையும், சூடாகத் தேநீர் குடிக்க ஓர் இடமும் வேண்டும்.

கடைசியில் இரண்டு பெயர்கள் மிஞ்சின. ஒன்று ரீடரால்ப். அலெட்ச் பனியாற்றுக்குப் பக்கத்தில், 1,900 மீட்டருக்கு மேல், கார்கள் இல்லாத கிராமம். உயரம் அதிகம் என்பதால் பனியை நம்பலாம். ஆனால், சூரிச்சிலிருந்து தூரம். தங்கித்தான் ஆக வேண்டும். விடுமுறைக் காலத்தில் ஐந்து பேருக்கு அறை வாடகை என்றால் பட்ஜெட் தாங்காது.

இன்னொன்று பிரவுன்வால்ட். கிளாருஸ் மாநிலத்தில் இருக்கும் இதுவும் கார்கள் இல்லாத கிராமம்தான். சூரிச்சிலிருந்து லிந்தால் வரை ரயில், அங்கிருந்து மலைச்சரிவில் ஏறும் இழுவை ரயில். 1907 முதல் ஓடும் பாதை அது. காலையில் போய் மாலையில் திரும்பிவிடலாம். ஒரே குறை, கிராமம் சுமார் 1,250 மீட்டர் உயரத்தில்தான் இருக்கிறது. ஆல்ப்ஸில் வெப்பம் கூடிவரும் காலத்தில் இந்த உயரத்தில் பனி நிச்சயம் இல்லை. ஒரு மழை போதும், சரிவு பச்சையாகிவிடும்.

குடும்பம் பிரவுன்வால்டைத் தேர்ந்தெடுத்தது, ஒரு கண்டிப்போடு. முன்கூட்டியே எதற்கும் பணம் கட்டக் கூடாது. முதல் நாள் இரவு வெப்கேமராவில் பனியைப் பார்த்த பிறகுதான் டிக்கெட். இப்படிச் செய்தால் சலுகை விலை போகும், பயணமே தள்ளியும் போகலாம். அது தெரிந்தேதான் முடிவு செய்தார்கள்.

நாளையும் யோசித்தார்கள். சூரிச் நகரப் பள்ளிகளுக்குப் பிப்ரவரியில் இரண்டு வாரம் விளையாட்டு விடுமுறை. அந்த வாரங்களில் ஞாயிற்றுக்கிழமை எந்த மலையும் அமைதியாக இருக்காது. அப்பாவின் வார விடுமுறை திங்கட்கிழமை. அதுவே வசதியாகிவிட்டது. ஸ்கீ, பூட்ஸ், ஹெல்மெட் எல்லாம் வாடகை. ஹெல்மெட்டைச் சட்டம் கட்டாயமாக்கவில்லை, அம்மா கட்டாயமாக்கினார்! ஜீன்ஸ் நனைந்தால் விறைத்துவிடும் என்பதால், தண்ணீர் இறங்காத பேன்ட்டுகளைத் தெரிந்தவர்களிடம் இரவல் வாங்கினார்கள். மதியத்துக்கு வீட்டிலிருந்தே சோறு.

பிள்ளைகளுக்குத் தனி வகுப்பு, பெற்றோருக்குத் தனி வகுப்பு. சுவிஸ் பனிச்சறுக்குப் பள்ளிகளின் சின்னமான 'ஸ்னோலி' முயல் தம்பியை வரவேற்றது. முதல் பாடம் 'பீட்சா'. இரண்டு ஸ்கீகளின் முன்முனைகளைச் சேர்த்து, பின்பக்கத்தை அகட்டினால் பீட்சாத் துண்டு வடிவம் வரும். அதுதான் பிரேக். தம்பி பத்து நிமிடத்தில் பிடித்துக்கொண்டான். அப்பாவுக்கு ஒரு மணி நேரம் ஆனது. முதல் அரை மணியில் ஆறு முறை விழுந்தார். ஒவ்வொரு முறையும் சுற்றிப் பார்த்தார். பக்கத்தில் இருந்தவர்களும் விழுந்துகொண்டிருந்தார்கள். யாருக்கும் இவரைப் பார்க்க நேரமில்லை.

மகள் முதலில் அழுதாள். பூட்ஸ் இறுக்கிக் கால் வலித்தது. கடைக்கே திரும்பிப் போய் ஒரு சைஸ் மாற்றிய பிறகு சரியானது. மதியத்துக்குப் பிறகு அப்பாவுக்கு அவள் ஆசிரியையாகிவிட்டாள். "முன்னுக்குப் பாருங்கோ அப்பா, காலைப் பாக்காதேங்கோ!" என்று கீழே நின்று கத்தினாள். அவர் அவளைப் பார்த்துக்கொண்டே இறங்கி, பீட்சா போட்டு, விழாமல் நின்றார். அம்மா இரண்டு மணிக்கே ஸ்கீயைக் கழற்றிவிட்டு அம்மம்மாவோடு தேநீர் குடிக்கப் போய்விட்டார். அதில் தப்பும் இல்லை. கால் போதும் என்றால் நிறுத்துவதும் பழக வேண்டிய ஒன்றுதான்.

ஒரே நாளில் யாரும் நீலப் பாதைவரை போகவில்லை. ஜனவரி முகாமுக்கு முன் இன்னும் இரண்டு மூன்று முறை வர வேண்டியிருக்கும். ஆனால், மகள் இனி முகாமுக்குப் போகும்போது பூட்ஸ் எந்த அளவு வேண்டும் என்று அவளுக்குத் தெரியும். எப்படி நிற்பது, எப்படி விழுவது, விழுந்தால் எப்படி எழுவது என்றும் தெரியும். தன் அப்பா தன்னைவிட அதிக முறை விழுந்தார் என்பதும் தெரியும். பிள்ளைக்குத் தைரியம் வர அதைவிடப் பெரிய பயிற்சி வேறு என்ன இருக்கிறது?