ரயிலில் எழுந்த வினா. கீழக்கரையில் கண்ட விடை

 

கூடுவாஞ்சேரியிலிருந்து சென்னைக்கு மின்சார ரயிலில் சென்று வருவோர் யாவரும் அறிந்த ஒன்று உண்டு. ஊரப்பாக்கம், வண்டலூர் கடப்பதற்குள் பக்கத்து இருக்கைக்காரர் நண்பராகிவிடுவார். தாம்பரம் வருமுன் உரிமையோடு வினாத் தொடுப்பார். தாடியும் தொப்பியுமாக அமர்ந்திருக்கும் என் போன்றோரிடம் அவ்வினாக்கள் பெரும்பாலும் மூன்றுதாம்.

"பாய், சிலை வணக்கம் கூடாது என்கிறீர்கள். அப்படியானால் கஅபாவை நோக்கித் தொழுவது மட்டும் என்ன?"

"உங்கள் நபிக்கு ஒரு படம்கூட இல்லையே, ஏன்?"

"பெண்களை ஏன் படிக்கவும் விடாமல், பள்ளிவாசலுக்கும் வரவிடாமல் வைத்திருக்கிறீர்கள்?"

இவற்றைக் கேட்டுச் சினம் கொள்ள வேண்டியதில்லை. அறிய விரும்புகிறவர்தாம் கேட்பார். முதல் வினாவுக்கு நான் வரலாற்றையே விடையாகச் சொல்வதுண்டு. கி.பி. 630இல் மக்கா வெற்றியின்போது கஅபாவைச் சுற்றியிருந்த சிலைகள் அகற்றப்பட்டன. அன்று பிலால் (ரலி) அவர்கள் அதன் கூரைமீது ஏறி நின்று பாங்கு சொன்னார்கள். தான் வணங்கும் பொருளின் தலைமீது எவரேனும் ஏறி நிற்பாரா? கஅபா திசை, வணக்கம் அல்லாஹ்வுக்கே. இரண்டாம் வினாவுக்கும் விடை எளிது. நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள்மீது கொண்ட அன்பு, நாளடைவில் உருவ வணக்கமாக மாறிவிடக் கூடாதென்பதே காரணம்.

ஆனால் ஒன்று சொல்வேன். சுவரில் மாட்டிய கஅபாப் படத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்ளும் பழக்கம் நம்மவர் சிலர் இல்லங்களில் இருக்கிறது. அண்டை வீட்டார் அதைப் பார்த்துத்தானே கேட்கிறார்கள்?

மூன்றாம் வினாவுக்கு அன்னை ஆயிஷா (ரலி) அவர்களைச் சொன்னேன். 2210 நபிமொழிகளை அறிவித்தவர்கள். நபித்தோழர்களே ஐயம் தெளியத் தேடிச் சென்ற ஆசிரியை. நண்பர் வியந்தார். எனக்கோ உள்ளம் உறுத்தியது. காரணத்தை உங்களிடம் மறைக்கப் போவதில்லை.

அதற்குச் சில நாட்களுக்கு முன் மனைவி, மகளோடு ஜி.எஸ்.டி. சாலை வழியே ஊர் திரும்பிக்கொண்டிருந்தேன். பேருந்து மாறும் இடத்தில் மஃரிப் பாங்கு ஒலித்தது. அருகிலிருந்த பள்ளியில் நான் தொழுது வந்தேன். பெண்களுக்கு அங்கு இடமில்லை. மனைவி பைகளைக் காத்தபடி சாலையோரம் நின்றிருந்தாள். வாகன நெரிசலில் வீடு சேர்ந்தபோது மஃரிபின் நேரம் கடந்துவிட்டது. எட்டு வயது மகள் கேட்டாள்: "அத்தா, அம்மாவுக்குத் தொழுகை கடமையில்லையா?" ரயில் நண்பருக்கு விடை சொன்ன வாய், மகளுக்கு விடை சொல்லவில்லை.

இந்த உறுத்தலோடுதான் மதரஸா விடுமுறையில் கீழக்கரைக்குச் சென்றேன். தாம்பரத்தில் இரவு ஏறினால் காலையில் இராமநாதபுரம். அங்கிருந்து சிறிது நேரப் பேருந்துப் பயணம். கடற்காற்று முகத்தில் படும்போதே ஊர் வந்துவிடுகிறது.

பழைய ஜும்ஆப் பள்ளியின் முன் நின்றவன் வியந்துபோனேன். வரிசை வரிசையாய்க் கருங்கல் தூண்கள். திராவிடக் கட்டடக்கலையின் மரபு அப்படியே தெரிகிறது. பூக்கள் உண்டு, கொடிகள் உண்டு, கோலம் போன்ற வடிவங்கள் உண்டு. உயிருள்ள உருவம் மட்டும் இல்லை. 17ஆம் நூற்றாண்டில் கிழவன் சேதுபதியின் உற்ற நண்பராய் விளங்கிய வள்ளல் சீதக்காதியின் பெயரோடு இணைத்துப் பேசப்படும் பள்ளி இது. மண்ணின் கலையையும் விடவில்லை. மார்க்கத்தின் வரம்பையும் மீறவில்லை. உருவம் பற்றிய வினாவுக்கு நான் ரயிலில் சொல்லும் விடையை இத்தூண்கள் முந்நூறு ஆண்டுகளாகச் சொல்லிக்கொண்டிருக்கின்றன!

பெண்கள் பற்றிய வினாவுக்கும் இவ்வூரில் விடை உண்டு. ழ, ள, ண, ஞ போன்ற தமிழ் ஒலிகளுக்கென அரபு எழுத்துகளில் புள்ளியும் குறியும் கூட்டி அமைத்ததே அரபுத் தமிழ். குர்ஆன் ஓதக் கற்ற பெண், அதே எழுத்தறிவைக் கொண்டு தமிழில் மார்க்கச் சட்டமும் பயில முடிந்தது. மாப்பிள்ளை லெப்பை ஆலிம் (1816–1898) அவர்களின் நூல்கள் இவ்வாறு வீடுகளுக்குள் சென்றன. தமிழ் நெடுங்கணக்கு அறியாத பாட்டிமார் தமிழ் நூல் படித்தது இப்படித்தான்.

இவ்வூரில் பிறந்த செய்யிது ஆசியா உம்மா (1868–1948) படித்ததோடு நில்லாமல் ஞானப் பாடல்களும் இயற்றினார். 1988இல் இங்கு மகளிருக்கெனத் தாசீம் பீவி அப்துல் காதர் கல்லூரியும் எழுந்தது. பெண் கல்வி நமக்கு இரவல் சரக்கன்று. பாட்டன் பாட்டி வைத்துப்போன சொத்து.

அவ்வாறாயின், சாலையோரம் நின்ற என் மனைவிக்கு விடை என்ன?

அல்லாஹ்வின் பள்ளிகளைவிட்டுப் பெண்களைத் தடுக்காதீர்கள் என்ற கருத்துடைய நபிமொழி புகாரி, முஸ்லிம் இரண்டிலும் உள்ளது. வீட்டில் தொழுவதே அவர்களுக்குச் சிறந்தது என்ற கருத்தும் நபிமொழியில் வந்துள்ளது. இதனால் ஆலிம்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. அதை இங்கு நான் கிளற வரவில்லை. ஒன்றை மட்டும் கேட்கிறேன்: வீடே சிறந்தது என்றால், பயணத்தில் இருப்பவளுக்கு அங்கே வீடு ஏது?

கிளாம்பாக்கத்தில் 2023இன் இறுதியில் பேருந்து முனையம் திறக்கப்பட்டபின், தென்மாவட்டப் பயணிகள் பெருந்திரளாய் நம் பகுதியில் வந்து இறங்குகிறார்கள். அவர்களில் நம் தாய்மாரும் சகோதரிகளும் இருக்கிறார்கள். நெடுஞ்சாலையோரப் பள்ளிகளில் தனி வாயிலோடு ஒரு சிற்றறை, ஒளுச் செய்யக் குழாய், மறைப்புக்கு ஒரு திரை: இவை போதும். சில பள்ளிகளில் ஏற்கெனவே இவ்வசதி இருக்கிறது. அல்லாஹ் அவர்களுக்கு நற்கூலி வழங்குவானாக!

ஊர் திரும்பியதும் எங்கள் ஜமாஅத் பெரியவர்களிடம் இதை எடுத்துரைத்தேன். "ஆலோசிப்போம் ஹஜரத்" என்றார்கள். நீங்களும் உங்கள் மஹல்லாவில் கேட்டுப் பாருங்கள். பிறர் கேட்கும் வினாவுக்கு நாவால் விடை சொல்லிவிடலாம். நம் மகள் கேட்கும் வினாவுக்குச் செயலால்தான் விடை சொல்ல வேண்டும்.

அதற்கான நல்லுதவியை அல்லாஹ் நம் அனைவருக்கும் அருள்வானாக! ஆமீன்.